டேப் விஷயமாக மாப்பிள்ளைக்கு

அன்பும் அறிவும் பொறுமையும் (பொறுமை கொஞ்சம் தேவைக்கு மேலேயே) நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். மூன்று பேர் என்று எழுதும்போதே பேனா சற்றுத் தயங்குகிறது. இந்த வீட்டில் நானும் உங்கள் அத்தையும் என்றால் கணக்கு இரண்டுதான் வர வேண்டும். மூன்றாவது ஆள் உங்கள் வீட்டில் இருக்க வேண்டியவள். அங்கே நீங்கள் ஒற்றை ஆளாகச் சௌக்கியமாக இருக்கிறீர்களா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று அறிய ஆவல். "அதெல்லாம் நல்லாவே சாப்பிடுவாரு" என்று உங்கள் மனைவி சொல்கிறாள். சொன்ன குரலில் இருந்தது அக்கறையா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

இதைப் போனிலேயே பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். பேசலாம்தான். ஆனால் நான் எதைச் சொன்னாலும் நீங்கள் "சரி மாமா" என்று சொல்லிவிடுவீர்கள். ஒத்துக்கொண்டாலும் சரி மாமா, ஒத்துக்கொள்ளாவிட்டாலும் சரி மாமா, கிழவன் பேச்சை முடித்தால் போதும், வேலையைப் பார்க்கலாம் என்றாலும் சரி மாமா. எது எந்தச் சரி மாமா என்று கண்டுபிடிக்க இன்னும் எனக்குப் பழக்கம் வரவில்லை. கடிதத்தில் நீங்கள் குறுக்கே புகுந்து அதைச் சொல்ல முடியாது பாருங்கள், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் உங்கள் சமையலறைக் குழாய் விஷயத்துக்கு விளக்கம் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நான் ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்குள் நுழைந்து, "நீங்க உங்க வேலையைப் பாருங்க மாப்பிள்ளை, எனக்கு எல்லாம் தெரியும், நான் பாத்துக்கறேன்" என்று உங்கள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, மெயின் வால்வை மூடி, ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த உங்கள் பாத்திரம் கழுவும் குழாய்க்குப் பக்கத்திலேயே இன்னொரு பளபளக்கும் புதுக் குழாயைப் பொருத்திவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்தேனே, அது ஏன் என்று நீங்கள் இதுவரை கேட்கவில்லை. வேறு எந்த மாப்பிள்ளையாக இருந்தாலும் ஊரைக் கூட்டியிருப்பான். நீங்கள் இரண்டு முறை சரி மாமா சொன்னீர்கள், தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தீர்கள். உங்கள் பெருந்தன்மையை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நடந்தது இதுதான். அன்றைக்குக் காலையில் என் மகள் பையும் கையுமாக வந்து நின்றாள். செருப்பைக் கழற்றுவதற்குள் உங்கள் அத்தை பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, திடீர்னு? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. எதுவா இருந்தாலும் புது டேப்லதான் திறக்கணும்னு அவரு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. இருக்கிற டேப்லயே திறந்தா என்ன குறைஞ்சுபோச்சுன்னு நான் கேக்கறேன். எத்தனை தடவை சொல்றது? அவரு இறங்கி வர்ற வரைக்கும் நான் அந்தப் பக்கம் போறதா இல்ல."

நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் தொழில் உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெறும்வரை குழாய் பொருத்தியே காலம் தள்ளியவன். எங்கள் தொழிலில் டேப் என்றால் தண்ணீர் வருகிற ஒன்று. மரையில் சுற்றுகிற வெள்ளை நாடாவையும் டேப் என்போம், ஆனால் அதை யாரும் திறக்க முடியாது. ஆக, குழாய்தான். எனக்கு ரத்தம் கொதித்தது மாப்பிள்ளை. உலகத்தில் எதற்கெல்லாமோ புருஷன் பெண்டாட்டி முறைத்துக்கொள்கிறார்கள், இருக்கட்டும். குழாய்க்காரன் பெற்ற பெண் குழாய்க்காகவா வீட்டை விட்டு வருவது? வெளியே தெரிந்தால் என் பெயர் என்னாவது? அதிலும் பாருங்கள், எனக்குள் ஒரு பெருமை வேறு. பிரச்சினை என் துறைக்குள் வந்துவிட்டது, இனி தீர்த்துவிடலாம் என்று. பழைய குழாய் அவளுக்கு, புதுக் குழாய் உங்களுக்கு, இரண்டிலும் ஒரே தண்ணீர், எவருக்கும் நஷ்டமில்லை என்று தீர்ப்பும் எழுதி, பொருத்தியும் விட்டு, வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டே சொன்னேன்: "எல்லாம் முடிஞ்சுதும்மா. இப்ப அங்க ரெண்டு டேப்பும் இருக்கு. யாருக்கு எது வேணுமோ அதைத் திறந்துக்குங்க. கிளம்பு."

அவள் என்னையே பார்த்தாள். கண் கலங்கியது. சரிதான், அப்பாவின் பாசத்தை நினைத்து உருகுகிறாள் என்று நினைத்தேன். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறாள்! சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா... அந்த டேப் இல்லப்பா!" என்றாள். உள்ளே இருந்து உங்கள் அத்தை, "பின்ன எந்த டேப்புடி?" என்றாள். ஆக, அவளும் என்னைப் போலத்தான் நினைத்திருக்கிறாள். ஸ்பானரைத் தூக்காததால் தப்பித்தாள்.

அதற்கு அப்புறம்தான் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். நீங்கள் இருவரும் சேர்ந்து கண் மருத்துவமனைக்குச் செய்கிற வெப்சைட்டாம். கோடு போட்ட எழுத்துகள்தான் லிங்க்காம். அதைத் தொட்டால் வேறு பக்கத்துக்குக் கூட்டிப்போகுமாம். அந்த வேறு பக்கம், படித்துக்கொண்டிருக்கிற பக்கத்தின் இடத்திலேயே வர வேண்டுமா, இல்லை, இது இப்படியே இருக்க, மேலே புதிதாக ஒரு டேப் முளைத்து அதில் வர வேண்டுமா என்பதுதான் வழக்காம். நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன்: "இதுக்கா?"

"இதுக்குத்தான்" என்றாள்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று அன்று இரண்டு பேர் மேலேயும் எரிச்சலாகத்தான் வந்தது. ஆனால் படுத்தால் அதே யோசனை. வெந்நீர்க் குழாய் ஒரு பக்கம், தண்ணீர்க் குழாய் ஒரு பக்கம் என்று நான் ஆயுள் முழுக்கப் பொருத்தியிருக்கிறேனே, எது எந்தப் பக்கம் என்று முதன்முதலில் யார் முடிவு செய்தார்கள்? யாரோ இரண்டு பேர் மல்லுக்கட்டாமலா அது முடிவாகியிருக்கும்? ஒருவேளை அதற்கும் ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போயிருப்பாளோ என்னவோ. அவர்கள் போட்ட சண்டையால்தான் இன்றைக்கு நாம் சூடு படாமல் கை கழுவுகிறோம். இப்படி நினைத்ததும் எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. பிடித்தால் நான் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் கட்சியையும் அவளே நியாயமாகத்தான் சொன்னாள், கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. "வந்தவங்க நம்ம பக்கத்தை விட்டுட்டுப் போயிடக் கூடாதுன்னு அவரு நினைக்கிறாருப்பா. புதுசுல திறந்தா நம்மளது பின்னாடி அப்படியே இருக்கும்ல." அவள் கட்சி என்ன என்றால், "புதுசு வேணும்னா அவங்களே அழுத்திப் பிடிச்சுப் புதுசுல திறந்துக்குவாங்க. நாம திணிக்கக் கூடாது. திணிச்சா, பின்னால போற அம்பு வேலை செய்யாது. அந்த அம்பு ஒண்ணுதான் எல்லாருக்கும் தெரிஞ்ச வழி." இரண்டையும் கேட்டேன். இரண்டும் சரியாகவே பட்டது. இது என்ன கஷ்டம் என்று, நாலு பேரைக் கேட்டுப் பார்ப்பது என முடிவு செய்தேன்.

முதல் ஆள் உங்கள் அத்தை. லேப்டாப் முன்னால் உட்கார வைத்து, சொட்டு மருந்து போடுவது எப்படி என்ற லிங்க்கைத் தொடச் சொன்னோம். தொட்டாள், படித்தாள். "இப்ப பழைய இடத்துக்கு வாம்மா" என்றாள் மகள். அம்பைத் தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டாள். அழுத்தினாள். "இது செத்துப்போச்சு" என்று அறிவித்துவிட்டு, மூலையில் இருந்த பெருக்கல் குறியைத் தட்டினாள் பாருங்கள், மொத்தமும் காணாமல் போய்விட்டது, மகள் திறந்து வைத்திருந்த வேலையெல்லாம் சேர்த்து! "நான் எதையும் உடைக்கல, நீங்கதான் உட்கார வெச்சீங்க" என்று எழுந்து போனவள் அதற்கப்புறம் அந்த மேஜைப் பக்கமே வரவில்லை. மகள் என்னைப் பார்த்து, "பாத்தீங்களா?" என்றாள். எனக்கு அவள் பக்கம் தராசு சாய்ந்தது. ஆனால் அன்று சாயந்தரமே உங்கள் அத்தையின் போனைத் தற்செயலாகப் பார்த்தேன். மேல் மூலையில் ஒரு சின்ன முகம் சிரித்துக்கொண்டிருந்தது. இது என்ன என்று மகளைக் கேட்டால், திறந்து கிடக்கிற டேப்கள் நூறைத் தொட்டால் அந்தப் போன் எண்ணுவதை விட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிடுமாம்! எப்போதோ பார்த்த ரவிக்கை டிசைன், முழங்கால் வலிக்கு மருந்து, எந்தக் காலத்திலோ முடிந்த மழையின் வானிலை, எல்லாம் மூடாமல் கிடக்கிறது. "ஏம்மா, இதையெல்லாம் மூடக் கூடாதா?" என்று உங்கள் அத்தையைக் கேட்டேன். "அதுவே சந்தோஷமாச் சிரிச்சுக்கிட்டு இருக்கு, உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றாள். ஆக, புது டேப் வேண்டாதவள் என்று நான் நினைத்தவள்தான் அதில் குடும்பமே நடத்திக்கொண்டிருக்கிறாள். தராசு திரும்ப நடுவுக்கு வந்தது.

அடுத்தது மாடியில் குடியிருக்கிற கணக்கு வாத்தியார். அவர் கண்ணை மூடிக்கொண்டு உங்கள் கட்சி. "படிச்சுக்கிட்டு இருக்கிற பக்கத்தை எதுக்குங்க விடணும்? நீளமான கட்டுரை படிக்கிறேன், நடுவுல ஒரு லிங்க். அதே இடத்துல திறந்தா நான் எந்த வரியில இருந்தேன்னு யாரு தேடறது?" என்றார். பேசிக்கொண்டே தன் கம்ப்யூட்டரைக் காட்டினார். மேலே டேப்கள் ஊசி முனை அளவுக்கு நெருங்கிக் கிடந்தன. எது எதுவென்று அவருக்கே தெரியவில்லை. எதிலோ ஒன்றில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். எதில் என்று கண்டுபிடிக்க முடியாமல் அவர் ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்க, நான் மெல்ல இறங்கி வந்துவிட்டேன். ஆனாலும் அவர் சொன்னதில் ஒன்றை நான் மறுக்க மாட்டேன். மருத்துவமனையில் நேரம் கேட்டுப் பெயர், வயது எல்லாம் பாதி தட்டிக்கொண்டிருக்கும்போது, நடுவில் விதிமுறை என்று ஒரு லிங்க்கைத் தொட்டுத் தட்டியதெல்லாம் போய்விட்டால்? இதை மகளிடம் கேட்டேன். லேப்டாப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். "அந்த ஒரு இடத்துல மட்டும் அவரு சொல்றது சரி" என்றாள். அதைக் கேட்டு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்!

முடி வெட்டுகிற கடையிலும் பேச்சை எடுத்தேன். கடைக்காரருக்கு வெப்சைட்டும் தெரியாது, டேப்பும் தெரியாது. ஆனால் விஷயத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். "அண்ணே, போறேங்கறவங்களைப் பிடிச்சா வைக்க முடியும்? பக்கத்துல போயிட்டு வரேம்பாங்க, போகட்டும். திரும்பி வர வழி சுளுவா இருந்தா வந்துடுவாங்க. ஆனா பாதி தலை வெட்டினவரை மட்டும் நான் நாற்காலியை விட்டு எழுப்ப மாட்டேன்" என்றார். என் மகள் ஒரு வாரமாகச் சொல்வதும் வாத்தியார் சொன்னதும் இதில் அடங்கிவிட்டதா இல்லையா? நான் ஆச்சரியத்தில் தலையைத் திருப்பிவிட்டேன். இடது காதுக்கு மேலே ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. வளர்ந்துவிடும், விடுங்கள்.

இவர்களெல்லாம் போகட்டும், கண் மருத்துவமனைக்கு வருகிறவர்களையே கேட்டால் என்ன என்று தோன்றியது. அங்கேயே போனேன். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமல், "எந்தக் கண்ணுங்க?" என்றாள். "கண்ணு ரெண்டும் நல்லா இருக்கும்மா, நான் லிங்க் விஷயமா வந்தேன்" என்றேன். அவள் காதில் அது லென்ஸ் என்று விழுந்திருக்கிறது. "லென்ஸா? அப்ப ரெண்டு கண்ணுலயும் மருந்து விடணும், உள்ள போங்க" என்றாள். நான் விளக்குவதற்குள் ஒரு நர்ஸ் என்னை உட்கார வைத்து, தலையைச் சாய்த்து, இரண்டு கண்ணிலும் எரிகிற மாதிரி எதையோ விட்டு, "மூடிக்கிட்டே இருங்க" என்று பெஞ்சில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். சரி, வந்த வேலையையாவது பார்ப்போம் என்று கண்ணை மூடிக்கொண்டே பக்கத்து ஆளிடம், "உங்களுக்கு எப்படிங்க, புதுசா திறக்கணுமா, அப்படியே திறந்தா போதுமா?" என்று கேட்டேன். ஒரு பெரியம்மாவின் குரல் வந்தது. "அவசரப்படாதீங்க தம்பி. திறக்கறது மூடறது எல்லாம் நர்ஸம்மா சொல்லுவாங்க." அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர், "எனக்குப் போன மாசமே திறந்து பாத்துட்டாங்க" என்றார். அங்கே இதற்கு மேல் கேட்கத் தைரியம் வரவில்லை.

கடைசியில் டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துக்கொண்டு, "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்றார். "எனக்கு இல்லைங்க, என் பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும்." "அவங்களையும் கூட்டிட்டு வாங்க, பாத்துடலாம்" என்றார். வெப்சைட் செய்கிறவர்கள் என்று சொன்னதும்தான் மனுஷனுக்குப் புரிந்தது. டார்ச்சைக் கீழே வைத்துவிட்டுக் கை கூப்பினார். "ஐயா, எதுல வேணும்னாலும் திறக்கட்டும். முதல்ல திறக்கச் சொல்லுங்க. இந்த மாசத்துக்குள்ள முடியலன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்."

மங்கலான கண்ணோடு சுவரைத் தடவிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். மகள் பதறிப்போவாள் என்று நினைத்தேன். அவளோ துள்ளிக் குதித்து லேப்டாப்பை எடுத்துவந்தாள். "அப்பா, அப்படியே உக்காருங்க! கண்ணைத் துடைக்காதீங்க! இதுதான்பா சரியான நேரம்!" என்ன பிள்ளையைப் பெற்றோமோ என்று உட்கார்ந்தேன். ஒரு லிங்க்கைத் தொடச் சொன்னாள். தொட்டேன். வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது. திரும்பி வா என்றாள். அம்பைத் தேடிப் பிடித்து அழுத்தினேன். அசையவில்லை. மேலே ஏதோ எறும்பு வரிசை மாதிரி தெரிந்தது. அதில்தான் இரண்டாவது டேப் முளைத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நான் ஒன்றும் பயந்த சுபாவம் இல்லை மாப்பிள்ளை. இடுப்பளவு சாக்கடையில் இறங்கி வேலை செய்தவன். அந்த வெள்ளைத் திரைக்கு முன்னால், எங்கே இருக்கிறேன், எப்படித் திரும்புவது என்று தெரியாமல் எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு அவள் தன்னிடம் இருந்த நகலில் எதையோ மாற்றிவிட்டு மறுபடி தொடச் சொன்னாள். தொட்டேன், போனேன், அம்பை அழுத்தினேன், வந்தேன். அப்பாடா! திரும்பத் திரும்பப் போய்வந்தேன், சின்னப் பிள்ளை கதவில் ஆடுகிற மாதிரி. அந்த மருத்துவமனைக்கு வருகிறவர்கள் எல்லாம் அன்றைக்கு என் கண் இருந்த நிலையில்தான் வருவார்கள் என்பதை யோசியுங்கள்.

ஆகையால், எல்லாரையும் கேட்டு, என் கண்ணையும் கொடுத்து, நான் கண்ட முடிவு: இருக்கிற டேப்பிலேயே திறக்க வேண்டும். பாதி தட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் மட்டும் நீங்கள் சொல்கிறபடி புது டேப். அங்கேயும் "இது புதிதாகத் திறக்கும்" என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள். இதற்கு அவள் சம்மதம். வாய்விட்டுச் சொன்னாள், உங்கள் அத்தை சாட்சி. நீங்கள் இறங்கி வந்ததாக ஆகாது, இரண்டு பேரும் ஆளுக்குப் பாதிப் படி. வேலை கைநழுவிப் போவது இருக்கட்டும், அது என்ன, இன்னொன்று வரும். தினமும் காலையில் அவள் எழுந்ததும் பல்கூட விளக்காமல் அந்த வெப்சைட்டைத் திறந்து, நீங்கள் மாற்றிவிட்டீர்களா என்று ஒரு லிங்க்கைத் தொட்டுப் பார்க்கிறாள். அது புது டேப்பில் திறக்கிறது. லேப்டாப்பை மூடிவிட்டு ஜன்னல் ஓரம் போய் நிற்கிறாள். அதை என்னால் பார்க்க முடியவில்லை. உங்கள் வீட்டு முன்னறையில் முதுகோடு முதுகாகப் போட்ட இரண்டு மேஜையில் ஒன்று காலியாகக் கிடப்பது உங்களுக்கும் நன்றாகவா இருக்கும்? தயவுசெய்து நேரில் வந்து அவளைக் கூட்டிப்போங்கள். பிறந்த வீட்டில் இருந்தது போதும். அவள் இருக்க வேண்டிய இடம் உங்கள் வீடுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். புதுக் குழாயில் கசிவு எதுவும் இருந்தால் துணி சுற்றாமல் எனக்குச் சொல்லுங்கள். உங்கள் அத்தை தன் அன்பைத் தெரிவிக்கச் சொல்கிறாள். உங்கள் மனைவி எதையும் தெரிவிக்கச் சொல்லவில்லை, ஆனால் நான் எழுதுவதை இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் நீடூழி ஒரே கூரையின் கீழ் சண்டை போட்டுக்கொண்டு வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்.

பி.கு.: கடிதத்தை உறையில் போடப் போகும்போது உள்ளே "அம்மா!" என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். லிங்க் இருக்கிற டேப்பிலேயே திறக்கிறதாம். நீங்கள் மாற்றிவிட்டீர்கள். யாரும் சொல்லாமலே, நான் கடிதம் அனுப்புவதற்கு முன்னாலேயே. உங்களை மெச்சுகிறேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இப்போது உள்ளே துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். பையில் பாதி நிரம்பிவிட்டது. மேலே எழுதியது எதற்கும் இனி வேலை இல்லை. ஆனால் மாப்பிள்ளை, அவள் மடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு ஒன்று தோன்றிவிட்டது. கல்யாணமாகிப் போனதற்கு அப்புறம் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் சலிக்காமல் பதில் சொன்னது இந்த வாரம்தான். இருக்கிற டேப்பிலேயே திறந்தால் என்ன ஆகிறது பாருங்கள்: உங்கள் வீடு திறக்கிற அதே நிமிஷம் எங்கள் வீடு மறைந்துபோகிறது. பின்னால் போகிற அம்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறதுதான், அதை யார் அழுத்துகிறார்கள்? புது டேப் என்றால் பழையது பின்னால் ஓசைப்படாமல் திறந்தே கிடக்கும். யோசித்துப் பார்த்ததில் ஆரம்பத்திலிருந்தே நீங்கள் சொன்னதுதான் சரி. தபாலில் போட்டால் நாளாகும் என்பதால் இதை உங்கள் அத்தையின் போனில் படமெடுத்து அனுப்புகிறேன். பார்த்த உடனே அதைத் திரும்பவும் புது டேப்புக்கே மாற்றிவிடுங்கள். அதிகம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் போதும்.